அம்மாவின் கண்ணாடி எங்கே?

"நான் எடுக்கலை சார்! எடுக்கிறதா இருந்தா சொல்லிட்டே எடுத்திருப்பேன்!"

துப்பறிவாளரின் மேசையைத் தட்டிவிட்டு அண்ணன் நாற்காலியில் சரிந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், எதையும் ஒரு திருகில் சரிசெய்து பழகியவன். இந்த விவகாரம் மட்டும் அவன் கைக்கு அடங்கவில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் துப்பறிவாளர். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்யர்களைப் பிடித்தே தலை நரைத்தவர்; அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. உதவியாளர் குண்டூசி நேரெதிர். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தல்.

அண்ணன் சொன்னான். அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். நரம்பு நோய் கை, கால், குரல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, மருத்துவர்களும் கைவிரித்துவிட்டார்கள். எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத்தான் பேசுகிறாள். மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அவளுக்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஆனால் இரண்டு மருத்துவர்கள் முன்னால் அவளே சொந்த வார்த்தையில் கேட்க வேண்டும்; கண் சிமிட்டினால் செல்லாது. திங்கட்கிழமை அவர்கள் வந்தபோது அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் காணோம். அது இல்லாவிட்டால் அவளுக்கு ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். புதிது செய்ய வாரக்கணக்காகும். இன்று பத்து மணிக்கு மறுபடியும் வருகிறார்கள். இன்றும் முடியாவிட்டால் மனு தள்ளுபடி.

"அப்படிச் சாக யாருக்கும் உரிமையில்லைன்னு ஊரறியச் சொன்னவன் நான். அதனால பழி என் தலையில. அன்னிக்கே தங்கச்சி கதவைச் சாத்திட்டா."

"மனு தள்ளுபடியானா உங்களுக்கு நல்லதுதானே?" குண்டூசி குத்தினார்.

"திருடன்னு பேர் வாங்கிட்டு ஜெயிக்கணுமா?"

உடனே கிளம்பினார்கள். தங்கை கதவைத் திறந்தாள். துப்பறிவாளருக்கு வழிவிட்டு, அண்ணனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பகல்நேர நர்ஸ் இன்னும் வரவில்லை.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் பார்க்காத முகம். கன்னம் இன்னும் ஒட்டிப்போயிருந்தது. மூக்குத்தண்டின் இருபுறமும் சிறிய சிவந்த குழிகள்.

குண்டூசி கட்டிலடி, அலமாரி, குப்பைத்தொட்டி ஒன்றையும் விடாமல் கிளறினார். "நர்ஸ்தான் சார்! எனக்குச் சந்தேகமே இல்லை!"

"இவன்தான்," என்றாள் தங்கை. "அம்மா ராத்திரியெல்லாம் வலியில துடிக்கிறதை ஒருநாளாவது பார்த்திருக்கியா? ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி அனுமதி வாங்கினவ நான்!"

"சாவுக்கு அனுமதி வாங்கினதெல்லாம் ஒரு பெருமையா?"

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் துப்பறிவாளர். "அம்மா மூக்கைப் பாருங்க. கண்ணாடி பதிஞ்ச தடம் சீக்கிரமே மறைஞ்சிடும். இது இன்னும் சிவப்பா இருக்கு. இன்னிக்குக் காலையிலகூட யாரோ போட்டுவிட்டிருக்காங்க. நர்ஸ் இன்னும் வரலை. அண்ணன் என்கூடத்தான் வந்தார். ராத்திரியிலேருந்து இங்கே இருந்தது நீங்க மட்டுந்தாம்மா."

"ஆனா சார், இதுக்காக அலைஞ்சதே இவங்கதானே!" என்று குண்டூசி பதறினார்.

தங்கை பக்கத்துப் பாயில் கிடந்த தன் தலையணை உறைக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்தாள்.

"திங்கட்கிழமை டாக்டருங்க கார் வந்து நின்ன சத்தம் கேட்டதும் கை தானா ஒளிச்சிடுச்சு. அலையும்போதெல்லாம் தைரியமாத்தான் இருந்தேன். தினமும் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பேன். 'திருப்பிக் கொடு'ன்னு பலகையில சொல்லுவாங்க. நாளைக்கும்மா, நாளைக்கும்மான்னேன். யார் எடுத்ததுன்னு நர்ஸ் கேட்டப்போ அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. என்னைக் காட்டிக்கொடுக்கலை."

அண்ணனுக்கு ஆத்திரம் பொங்கியது. பழி நீங்கியது, ஆனால் நிம்மதி வரவில்லை. இந்தக் கண்ணாடி இப்போது கைதவறி உடைந்தால் போதும், அவன் நினைத்தது நடந்துவிடும். அதை வாங்கினான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு சட்டை நுனியால் துடைத்து, அவனே அம்மாவுக்குப் போட்டுவிட்டான்.

மருத்துவர்கள் வந்தார்கள். ஒருவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கண்கள் எழுத்துக்கு எழுத்து தாவின. மருத்துவர் கூட்டிப் படித்தார்.

"ரெண்டு பேரும் வெளியே போங்க."

"அம்மா, நாங்க பக்கத்துல—" அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள்.

கண்கள் மறுபடி பலகைக்குப் போயின.

"வெளியே."

எல்லோரும் நடைக்கு வந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

"என்ன சார் சொல்லுவாங்க?" குண்டூசிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அதைக் கண்டுபிடிக்க நம்மை யாரும் கூப்பிடலை," என்றார் துப்பறிவாளர்.

அண்ணனும் தங்கையும் மூடிய கதவைப் பார்த்தபடி, ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரே பக்கத்தில் நின்றார்கள்.