கதவுப் பச்சை

பிரதீபாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் பாதியில் விட்டுவைக்க அவளால் முடியாது.

பாதி மூடிய ஜிப்பைப் பார்த்தால் கை அரிக்கும். முழுக்க மூடினால்தான் நிம்மதி. பாடப் புத்தகத்தில் வட்டம் உள்ள எழுத்து எது வந்தாலும் அந்த வட்டத்தைப் பென்சிலால் அடைத்துவிடுவாள். அறிவியல் புத்தகத்தில் மூன்றாம் பாடம் வரை ஒரு வட்டம் பாக்கியில்லை. தேவிகா டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது புஸ்தகமா, கொசுக்கூட்டமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பிரதீபாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நான்காம் பாடத்தை ஆரம்பித்தாள்.

இப்படிப்பட்டவள் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுக்கலாமா? அவள் அப்பா சோமசேகரன் கொடுத்துவிட்டார்.

அவர்கள் ஊர் நெரவிக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கல்தூண் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன் படியில் பையை வைப்பார்கள். ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொள்ளும். ஆனாலும் அது சாதாரணத் தூண் இல்லை. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை இந்தப் பக்கம் 'சொல்தா' என்பார்கள். இந்த ஊரிலிருந்து அப்படிப் போய், கடல் தாண்டி நடந்த சண்டைகளில் இறந்த சொல்தாக்களின் பெயர்கள் அந்தத் தூணில் வெட்டப்பட்டிருந்தன.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் பதினொன்றாம் தேதி தூணுக்கு மாலை போடுவார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அந்தந்தச் சொல்தாவின் வீட்டார் வந்து தங்கள் ஆளின் பெயருக்குக் கறுப்பு பெயிண்ட் பூசுவார்கள். ஒரு வீட்டார் பட்டையாகப் பூசுவார்கள். ஒரு வீட்டார் மெல்லிசாகப் பூசுவார்கள். பார்த்தாலே எந்தப் பெயர் எந்த வீடு என்று தெரியும்.

பிரதீபாவின் வீட்டுப் பெயர் வைத்தியலிங்கம். அவர் அப்பாவின் தாத்தாவுக்குத் தம்பி.

"இந்த வருசம் நீயே பூசுடா. உனக்குத்தான் கை நடுங்காது" என்றார் அப்பா. பிரதீபா நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு பூசி முடித்தாள். ஒரு சொட்டுக்கூட வெளியே வழியவில்லை.

"அடடா, அச்சடிச்ச மாதிரி இருக்கே! சரி, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. மிச்சத்தை மூடி எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டு அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

பிரதீபா மூடியை எடுத்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. எல்லாப் பெயர்களுக்கும் கீழே இன்னொரு பெயர் இருந்தது. அதில் பெயிண்டே இல்லை. வெறும் கல்லாக, பாசி படிந்து கிடந்தது. அவள் விரலால் தடவிப் படித்தாள்.

ஜ... வ... ஹ... ர்... அ... லி.

ஜவஹர் அலி! இது இஃபாத் வீட்டுப் பெயராயிற்றே! தாவூது தாத்தாவின் அண்ணன் சொல்தாவாகப் போனவர் என்று இஃபாத் ஒரு தடவை சொல்லியிருந்தாள். இஃபாத் அவளுக்கு உயிர்த் தோழி, பக்கத்து வீடு. 'தாவூது தாத்தாவுக்கு வயசாயிடுச்சு. இஃபாத்தோட வாப்பா அபுதாபியில இருக்கார். பூச ஆளில்லாம விட்டுட்டாங்க போல, பாவம்' என்று பிரதீபா நினைத்தாள்.

டப்பாவில் பெயிண்ட் இருந்தது. கையோ அரித்தது.

கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாசியைச் சுரண்டி, துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பூசினாள். கடைசி எழுத்தான 'லி'யை முடித்தபோது மனசு நிறைந்துவிட்டது. அவள் நேரே இஃபாத் வீட்டுக்கு ஓடினாள்.

"இஃபாத்! தாத்தாவைக் கூட்டிக்கிட்டு வா! ஒண்ணு காட்டறேன்!"

"என்னடி?"

"சொன்னா ருசி போயிடும். வா!"

தாவூது தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். வழியெல்லாம் பிரதீபாவைக் கிண்டல் செய்தார். "என்ன புள்ள, பஸ் ஸ்டாப்புக்கு ரயில் கியில் வந்துடுச்சா?"

தூணுக்கு முன்னால் வந்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது.

"எப்படி இருக்கு தாத்தா? நான்தான் பூசினேன்!" என்றாள் பிரதீபா.

தாவூது தாத்தா அந்தப் பெயரைப் பார்த்தபடியே நின்றார். பிறகு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று.

"நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணினே" என்றார். "ஆயிப்போச்சு. இனி என்ன பண்றது."

அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். இஃபாத் ஒன்றும் புரியாமல் அவர் பின்னால் ஓடினாள்.

பிரதீபாவுக்கு என்ன தப்பு என்று தெரியவில்லை. ஆனால் தப்பு என்று மட்டும் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. பத்து நிமிடம் அப்படித்தான் படுத்துப் பார்த்தாள். தாத்தாவின் முகம் போர்வைக்குள்ளேயும் வந்தது. எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

தாவூது தாத்தா கொல்லையில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஃபாத் அவர் காலடியில் இருந்தாள்.

"தாத்தா, நான் என்ன தப்பு பண்ணினேன்? சொல்லுங்க."

"உன் மேல தப்பில்ல புள்ள. உனக்குத் தெரியாது."

"அதான் சொல்லுங்கன்னு கேக்கறேன்."

தாத்தா அவளை இஃபாத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எங்க நானா சொல்தாவா சேர்ந்து சைகோன் பக்கம் போனப்ப நான் ஒண்ணாங் கிளாஸ்" என்று ஆரம்பித்தார். அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள். "என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் முட்டாய் வாங்கித் தந்துட்டுத்தான் கப்பலேறினார். ரெண்டு வருசம் கழிச்சு ஆளைக் காணலைன்னு சேதி வந்துச்சு. செத்துட்டார்னு வரல. காணலைன்னுதான் வந்துச்சு. ஊர்ல தூணு வச்சப்ப நானா பேரையும் சேர்த்து வெட்டிட்டாங்க. எங்க உம்மா தெருவுல வந்து நின்னு சத்தம் போட்டாங்க. எம் புள்ள வருவான், நீங்க யாரு அவனைச் சாகடிக்கன்னு கேட்டாங்க. வெட்டினதை அழிக்க முடியாதுன்னு சொன்னதுக்கு, அப்ப கறுப்பு மட்டும் ஏத்தாதீங்க, ஏத்தினா எம் புள்ள செத்ததா ஆயிடும்னு சொல்லிட்டாங்க."

பிரதீபா பெயிண்ட் ஒட்டிய விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"உம்மா இன்னொண்ணும் பண்ணுவாங்க. நானா போனப்ப எங்க வீட்டுக் கதவு பச்சை. வருசா வருசம் பெருநாளைக்கு முன்னாடி அதே பச்சையை வாங்கிப் பூசுவாங்க. வேற கலர் பூசினா புள்ளைக்கு வீடு அடையாளம் தெரியாதாம். மவுத்தாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட ரெண்டே ரெண்டுதான் கேட்டாங்க. கதவைப் பச்சையா வச்சுக்க. பேரைக் கறுப்பாக்காத." தாத்தா தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். "மகன் புது வீடு கட்டினப்ப கதவு மாறிப்போச்சு. தேக்கு போட்டான், பாலிஷ் அடிச்சான். நான் வாயைத் திறந்து வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அதை நெனச்சா இன்னிக்கும் வருத்தந்தான். இன்னொண்ணாவது காப்பாத்தினேன்னு இருந்தேன்."

அந்த இன்னொன்றைத்தான் பிரதீபா இன்று காலையில் கெடுத்துவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க தாத்தா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நான் துடைச்சிடறேன். இப்பவே துடைச்சிடறேன்."

வீட்டிலிருந்து தின்னர் பாட்டிலையும் பழைய துணியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். இஃபாத்தும் கூட ஓடினாள். இருவரும் மாறி மாறித் தேய்த்தார்கள். கடைசியாகப் பூசிய 'லி' மட்டும் ஈரமாக இருந்ததால் சுத்தமாக வந்துவிட்டது. மற்ற எழுத்துகளில் பெயிண்ட் பள்ளத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. தேய்க்கத் தேய்க்கக் கல்லைச் சுற்றிலும் கறுப்பாக ஈஷிக்கொண்டதுதான் மிச்சம்.

"போதும்டி, இன்னும் மோசமாவுது" என்றாள் இஃபாத்.

பிரதீபா துணியைக் கீழே போட்டாள். பென்சில் என்றால் ரப்பர் இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், இவ்வளவும் நடந்திருக்காது. ஏன் கேட்காமல் போனோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

இரண்டு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொல்லைக்குத் திரும்பினார்கள். தாத்தா நாற்காலியில் அப்படியே இருந்தார். ஒரு பெட்டைக்கோழி கூட்டின் கதவை முட்டித் திறந்துகொண்டு வெளியே வந்தது. பிரதீபாவின் கண் அந்தக் கதவில் நின்றது. சின்னக் கூட்டுக்குப் பொருந்தாத தடித்த பலகை. அதில் அங்கங்கே பெயிண்ட் உரிந்திருந்தது. உரியாத இடத்தில் பச்சை.

"தாத்தா, இது..."

"அதான் புள்ள. அந்தக் கதவுதான். ஒரு பலகையை மட்டும் தூக்கிப்போட மனசு வரல."

பிரதீபா கொஞ்சம் யோசித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"தாத்தா, ஒண்ணு கேக்கட்டுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் எதையும் தொட மாட்டேன்."

"கேளு."

"கறுப்பு பூசினா இறந்துட்டாங்கன்னு அர்த்தம். இந்தப் பச்சையைப் பூசினா?"

தாத்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அந்தப் பலகையைப் பார்த்தார்.

"பச்சை பூசினா..." என்றார். "உன் வீடு இங்கதான் இருக்குன்னு அர்த்தம்."

சாயங்காலம் இரண்டு பெண்களும் பலகையிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லை எடுத்துக்கொண்டு பட்டினத்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கருப்பையன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். இது கிளிப்பச்சை, அது இலைப்பச்சை என்று இருவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"எதுக்கும்மா இந்த மாதிரி கதவுக்கட்டைச் சில்லைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"கோழிக்கூட்டுலேர்ந்து எடுத்தோம்ணே" என்றாள் இஃபாத்.

"கோழிக்கூட்டுக்கா இவ்வளவு ஆராய்ச்சி! எங்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பாக்கலையே!" என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் இரண்டு பச்சைகளைக் கலந்து, ஒரு சொட்டு மஞ்சள் விட்டு, சில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே பச்சையைக் கொண்டுவந்துவிட்டார்.

மறுநாள் பள்ளி முடிந்து, மழையும் விட்டதும் மூன்று பேரும் தூணுக்குப் போனார்கள். கல் காயும்வரை காத்திருந்தார்கள். தாத்தா பிரஷ்ஷைப் பிரதீபாவிடம் நீட்டினார்.

"வேணாம் தாத்தா. உங்க வீட்டுப் பேரு. நீங்கதான் பூசணும். நான் டப்பா பிடிச்சுக்கறேன்."

தாத்தா முதல் எழுத்தைப் பூசினார். கை நடுங்கியதால் கொஞ்சம் வழிந்தது. பிரதீபா பார்த்தும் பாராமல் இருந்தாள். மற்ற எழுத்துகளை இஃபாத் பூசினாள். இரண்டு தடவை பூசியதும் உள்ளே இருந்த கறுப்பு தெரியாமல் மறைந்தது. கடைசி எழுத்துக்கு வந்தபோது தாத்தா பேத்தியின் கையைப் பிடித்தார்.

"அதை விட்டுடு. அது சுத்தமாத்தானே இருக்கு."

"ஏன் தாத்தா? முழுசாப் பூசிடலாமே" என்றாள் இஃபாத்.

"உம்மா இருந்தா முழுசாப் பூச ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க. மிச்சத்தை நானா வந்து பூசிக்கட்டும்."

நானா வரமாட்டார் என்று தாத்தாவுக்குத் தெரியும். பிரதீபாவுக்கும் தெரியும். பிரதீபா டப்பாவை அழுத்தி மூடினாள்.

நவம்பர் பதினொன்றாம் தேதி தூணைச் சுற்றிக் கூட்டம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து மாலை வந்தது. ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, அந்தந்த வீட்டார் வந்து பூ வைத்தார்கள். வைத்தியலிங்கம் என்றதும் பிரதீபாவும் அப்பாவும் வைத்தார்கள். ஜவஹர் அலி என்றதும் வழக்கமாக யாரும் அசைவதில்லை. இந்த வருடம் தாவூது தாத்தா இஃபாத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பூ வைக்கவில்லை. அந்தப் பச்சை எழுத்துகள் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

கூட்டம் கலையும்போது மாலை கொண்டுவந்த அலுவலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தூணை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிரதீபாவிடம் குனிந்தார்.

"என்ன பாப்பா, இந்தப் பேர்ல கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கே. பெயிண்ட் தீர்ந்துடுச்சா?"

"தீரலைங்க."

"பின்ன? ஒரு எழுத்துதானே, பூசிட வேண்டியதுதானே?"

"அதைப் பூச வேண்டியவர் இன்னும் வரலைங்க" என்றாள் பிரதீபா.

அந்த வெறும் எழுத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை அரித்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட பஸ் வரும்வரை அப்படியே நின்றாள்.