யானைகளின் அடியில் கீறிய மாதங்கள்

"நான் அவருக்குச் சோத்துல இடுமருந்து கலந்து வச்சிட்டேன்னு சொல்றாங்க டாக்டர். நாளைக்கு என்னை அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

2006 ஆவணியில் விருத்தாசலம் மனநல மருத்துவர் கொளஞ்சிநாதனிடம் இப்படித்தான் வந்து நின்றாள் கனகா. செராமிக் பொம்மை செய்யும் அவள் கணவன் திருமால் இரண்டு மாதம் சுருண்டு கிடந்தான். வெளியூர் டாக்டர் ஒருவர் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார். மூன்றே வாரத்தில் எழுந்துவிட்டான். ஆனால் இப்போது தூக்கமில்லை, பேச்சு ஓயவில்லை, வேலையையும் விட்டுவிட்டான். மாமியார் பூவாயி மருமகள் கையால் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

"மாத்திரை மாறிப்போச்சு சார். அந்த மெடிக்கல்காரர் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு" என்றார் நர்ஸ் ராஜம்மாள். ஊரில் அவருக்குச் சந்தேகம் இல்லாத ஆளே கிடையாது. அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்த அதே மாத்திரைதான்.

மாலையில் டாக்டரும் ராஜம்மாளும் கனகாவின் வீட்டுக்குப் போனார்கள். "சொந்தமா நாலு சூளை போடப்போறேன் சார்" என்று திருமால் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். உள்ளே அலமாரி நிறைய அவன் ஆசைக்குச் செய்து விற்காமல் வைத்த பீங்கான் யானைகள். டாக்டர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஏதோ கீறியிருந்தது.

"சூளைக்குப் போறதுக்கு முன்னாடி மாசம் வருசம் கீறிடுவான்" என்றாள் பூவாயி பெருமையாக.

ராஜம்மாள் யானைகளை மாத வரிசையில் தரையில் அடுக்கி முடித்ததும் டாக்டர் எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"இவங்க கல்யாணம் எப்போம்மா?" என்று பூவாயியிடம் கேட்டார்.

"ரெண்டு வருசம் ஆவுது."

"தொண்ணூத்தொம்போது மாசியில பத்தொம்போது யானை இருக்குது. அப்புறம் ஆடி வரைக்கும் ஒண்ணுகூட இல்ல. ரெண்டாயிரத்து ரெண்டுலயும் இப்படித்தான். அந்த மாசியில எப்படி இருந்தாரு?"

பூவாயி யோசித்தாள். "தூங்கவே மாட்டான், ஒரே பாட்டு. அப்புறம் வாயே தொறக்க மாட்டான். அவன் சுபாவம்னு வுட்டுட்டோம்."

"அந்தச் சுபாவத்தை யாரும் டாக்டர்கிட்ட சொல்லல, அவரும் கேக்கல. மனசு இப்படி ஏறி இறங்குறவங்கள்ல சிலருக்கு, சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தா அளவுக்கு மீறி மேல ஏத்திவிட்டுடும். கடைக்காரர் மேல தப்பு இல்ல. கனகா இந்த வூட்டுக்கு வர்றதுக்கு அஞ்சு வருசம் முன்னாடியே இது இருக்குது. திருமால், அந்த மாத்திரையை நிறுத்திடலாம். மனசை நிதானமா வச்சுக்க வேற மருந்து தரேன், தூக்கமும் வரும்."

"தூங்கி நாளாச்சு சார்" என்றான் திருமால், முதல்முறையாக மெதுவான குரலில்.

"உசுரு இருக்குற வரைக்கும் உங்களை மறக்க மாட்டேன் டாக்டர்" என்று கனகா கைகூப்பினாள்.

பூவாயி எழுந்துபோய்த் தன் தட்டைக் கழுவி எடுத்துவந்தாள். அதை மருமகளிடம் நீட்டினாள்.

"பசிக்குது கனகா. நீயே போடு."