அவர் வந்தால் அடங்கும் தட்டு

கைராசிக்காரர் செல் வளர்ப்பு அறையின் கதவைத் திறந்ததும், ஸ்பீக்கரில் பொரிந்துகொண்டிருந்த சத்தம் பட்டென்று நின்றது.

கைராசிக்காரர் என்ற பட்டம் யாரும் கொடுத்ததல்ல. பன்னிரண்டு வருடமாகத் தானே சொல்லிச் சொல்லிச் சம்பாதித்துக்கொண்டது. சினையான பதினெட்டாம் நாளில் தாய் எலியின் வயிற்றைத் திறந்து, கருக்குட்டிகளை எடுத்து, பயறு அளவு மூளையின் மேல் ஒட்டியிருக்கும் சவ்வை இடுக்கியால் உரித்து, நரம்புச் செல்களைப் பிரித்துத் தட்டில் விட்டால், அவர் கைபட்டுப் பிழைக்காத செல்லே கிடையாதாம். மூன்றாவது வாரம் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். தட்டின் அடியிலுள்ள மின்முனைகள் அந்தத் துடிப்பைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். சோளம் பொரிவது மாதிரி கேட்கும்.

வியாழக்கிழமை தேர்வுக் குழு வருகிறது. அவர்கள் முன்னால் தட்டைப் பேசவைத்துக் காட்டுபவருக்குத்தான் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பதவி. போட்டிக்கு நிற்பவள் ஒருத்திதான். செல்களைக் குழந்தை மாதிரி ஏந்துகிறாள் என்று அவளுக்கு அவர் ‘தாலாட்டு’ என்று பெயர் வைத்திருந்தார். இவளெல்லாம் ஒரு ஆளா என்பது அவருடைய தீர்மானமான கருத்து.

“வயரை அசைச்சீங்களா?” என்றார்.

“இல்லையே சார். காலையிலேருந்து நல்லாத்தான் பேசுது” என்றாள் தாலாட்டு.

பேசிக் கிழித்தது. அவர் முறைத்துவிட்டு வெளியே வந்தார். கதவு சாத்திய மறுகணம் உள்ளே படபடவென்று பொரிந்தது.

கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி, தொப்பை விழுந்த நாற்பது வயதுக்காரன். அக்கா புருஷன் போட்ட பிச்சையில்தான் வேலைக்கு வந்தான் என்பதை வாரம் ஒருமுறையாவது அவனுக்கு நினைவூட்டிவிடுவார். அவன் ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டினான், மின்முனைகளைச் சோதித்தான், அவரை வாசலுக்கும் மேசைக்குமாக நாலு தடவை நடக்கவிட்டான்.

“வயர்ல ஒண்ணும் கோளாறு இல்ல மாமா. நீங்க தள்ளிப் போனா வேலை செய்யுது.”

“உன் மூளையைத் தட்டுல போட்டா அதுவும் பேசாதுடா.”

சுற்றி நின்ற உதவியாளர்கள் சிரித்தார்கள். தாலாட்டு மட்டும் சிரிக்கவில்லை. “பூனை வந்தா எலி இப்படித்தான் சார் அசையாம உறைஞ்சு நிக்கும்” என்றாள் மெதுவாக.

“எலி எங்கம்மா இருக்கு? கண்ணும் காதும் இல்லாத செல்லு. படிச்சுட்டுத்தான் வேலைக்கு வந்தீங்களா?”

சொல்லிவிட்டாரே தவிர, அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் செருப்பைக் கழற்றிவிட்டு நடைவழியில் வெறுங்காலோடு நின்றார். தரை துடைத்த மருந்தின் நெடிக்கு நடுவே இன்குபேட்டரின் முனகலும், எங்கோ குழாயில் சொட்டும் நீரும், அவற்றுக்கு மேலே கதவிடுக்கு வழியாகக் கசிந்த அந்தக் குதூகலமான பொரிச்சலும் கேட்டுக்கொண்டிருக்க, திருடன் மாதிரி ஒவ்வோர் அடியாக வைத்துப் போனார். கதவுக்கு ஆறடி தூரத்தில் சத்தம் அறுந்தது. பின்வாங்கினார். பொரிந்தது. முன்னால் வந்தார். அறுந்தது.

அவருக்கு அந்த எலி ஞாபகம் வந்தது. வாயு வைத்தபின் தாய் எலி செத்துவிட்டதா என்று பின்னங்காலைக் கிள்ளிப் பார்த்தபிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். அது காலை இழுத்தால் காத்திருக்க வேண்டும். தாலாட்டு இரண்டு காலையும் கிள்ளிவிட்டு மேலும் ஒரு நிமிடம் கடிகாரம் பார்ப்பாள். “அப்படியே கருமாதியும் பண்ணிடுங்க” என்பார் அவர். அவர் கிள்ளுவதில்லை. இந்தத் தட்டுக்குச் செல் கொடுத்த தாய் எலி, கத்தரி வயிற்றில் பாதி போனபோது தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை. தாமதித்தால் செல் கெட்டுவிடுமல்லவா.

சீ, செத்த எலிக்குப் போய் பயப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் கதவைத் திறக்காமலே திரும்பி நடந்தார்.

வியாழன் காலை ஐந்து பேர் வந்தார்கள். தட்டு பேசவில்லை. பத்து நிமிடம் ஓடியது. அவர் பொத்தான்களைத் திருகினார், ஈரப்பதம் என்றார், மின்சாரம் என்றார். குழுத் தலைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், ரெண்டு நிமிஷம் வெளிய நிக்கிறீங்களா?” என்றாள் தாலாட்டு.

அவமானம் பிடுங்கித் தின்றது. போனார். கதவு சாத்தியதும் உள்ளே மழை கொட்டுவது மாதிரி பொரிந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ கை தட்டினார்கள். “அபாரம்மா. இனிமே இந்த இடத்த நீங்கதான் பாத்துக்கணும்” என்றது தலைவியின் குரல். ஒரே சிரிப்பு.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. கதவைத் தள்ளித் திறந்தார்.

சத்தம் நின்றது. ஸ்பீக்கர் மட்டுமல்ல.

சிரிப்பு நின்றது. பேச்சு நின்றது. தலைவியின் பேனா காகிதத்துக்கு மேலே தொங்கியது. ஒருவர் கையில் டீக்கோப்பை சாய்ந்து, சூடான டீ அந்த ஆளின் மடியிலேயே வழிந்தது. அந்த ஆள் துடைக்கவில்லை. இமைக்கவில்லை. தாலாட்டின் வாய் பாதி திறந்தபடி இருந்தது. ஆறு பேர். பன்னிரண்டு கண்கள். எல்லாம் அவர்மேல்.

“என்ன விளையாட்டு இது?”

தொண்டைக் குழிகள் மட்டும் அசைந்தன. சின்னச் சின்ன மூச்சு. வேகவேகமாக.

கதவைச் சாத்தினார். உள்ளே சிரிப்பு, நாற்காலி, பொரிச்சல். யாரோ “ஐயோ, டீ” என்றார்கள். திறந்தார். அறுந்தது. சாத்தினார். சிரிப்பு. திறந்தார்.

பன்னிரண்டு கண்கள்.

நடைவழியின் கோடியில் யாரோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார்கள். மச்சான்தான். அப்பாடா. இவனையெல்லாம் கண்டு சந்தோஷப்படும் நாள் வருமென்று அவர் நினைத்ததே இல்லை. ஏறக்குறைய ஓடினார்.

“மாப்ள, இங்க வாடா. இவங்கள வந்து பாரு.”

மச்சான் திருப்பத்தில் தெரிந்தான். பாட்டு அறுந்தது. தூக்கிய கால் தரையில் படவில்லை. கருவிப் பெட்டி கையில் தொங்கியது, ஆடாமல்.

“டேய். நான்டா.”

அருகில் போய் அவன் தோளைத் தொட்டார். சட்டைக்கு அடியில் இதயம் விட்டு விட்டு அடிக்கவில்லை. இடைவெளியே இல்லாமல் அதிர்ந்தது. கண் இமைக்காமல் அவரையே பார்த்தபடி மச்சான் நின்றான். அவன் கால்சட்டை மெல்ல நனைந்தது. ஒற்றைக் காலில் நின்றவனிடமிருந்து சொட்டுச் சொட்டாக வழிந்த நீர், வெள்ளைத் தரையில் கோடு பிடித்து, கைராசிக்காரரின் செருப்பை வந்து தொட்டது.