சுவருக்குள் தாமதம்

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்த அன்று, சாமான் வண்டி வாசலில் நிற்கும்போதே பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். நீளமான அறையை அவன் வாசலில் நின்றே கண்ணால் அளந்தான். பெரிய ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் அவள் தன் தையல் மெஷினை இறக்கச் சொன்னாள்.

"வெளிச்சம் எனக்கு, இடம் உங்களுக்கு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன் மேடம்."

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவள் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வாடகை வீட்டிலும் அவர்கள் கட்டிலுக்கு அடியில் சில அட்டைப்பெட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு குட்டி ரயில் எஞ்சின், உள்ளங்கையில் அடங்கும் பெட்டிகள், பழைய செய்தித்தாளில் சுற்றிய தண்டவாளங்கள். "இடம் கிடைக்கட்டும்" என்று அவன் சொல்லாத வருஷமில்லை. இப்போது இடம் கிடைத்துவிட்டது.

மேசை உயரத்துக்குச் சட்டம் அடித்து, மேலே ப்ளைவுட் பரப்பி, சத்தத்தை அடக்க அதன்மேல் கார்க் ஒட்டி, தண்டவாளம் பதித்தான். காகிதக் கூழில் மலை எழுந்தது. சாயம் தோய்த்த மரத்தூள் புல்வெளியானது. எல்லாம் சரிதான். ஆனால் அறையின் கோடிக்குப் போன ரயில் திரும்பவேண்டுமே! நீளம் இருந்த அறையில் அகலம் இல்லை. வளைவைக் குறுக்கினால் பெட்டிகள் தடம்புரண்டன. வாரக்கணக்கில் வளைத்தான், பிடுங்கினான், மறுபடி வளைத்தான். ஆணி பிடித்து விரல் நுனிகள் புண்ணானதுதான் மிச்சம்.

கடைசியில் பேச்சு மாறிற்று.

"சுவத்துல ஒரே ஒரு ஓட்டை. உன் மேசைக்கு மேல ஒரு பலகை. ரயில் உள்ள வரும், ஒரு வட்டம் போடும், வந்த வழியே போயிடும். உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

"இப்படித்தான் உங்க தம்பியும் ரெண்டு நாள்ல போயிடறேன்னு வந்தார்."

ஆனாலும் அவள் ஒத்துக்கொண்டாள். அவன் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. அது அவனுக்கும் தெரியும்.

சுவர் ஒற்றைச் செங்கல் கனம்தான். உளியை வைத்து ஒரு தட்டு தட்டியதும், காத்திருந்ததுபோலச் செங்கல் தானாகக் கழன்று வந்தது. உள்ளிருந்து ஒரு வாசம் அடித்தது.

"ஈரத்துணியை மடிச்சு வச்சிட்டு மறந்துபோனா இப்படித்தான் நாறும்" என்று அவள் மூக்கைச் சுளித்தாள்.

ஓட்டையைச் சுற்றி ஒரு குகைவாயில் வரைந்து அழகுபடுத்தினான். முதல் நாளே ரயில் நடுவட்டத்தில் நின்றது. வட்டம் போட்டுத் திரும்பும் தண்டவாளம் தன்னையே வந்து தொடும் இடத்தில் மின்சாரத்தின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று மோதும். அதற்கென்று தனி சுவிட்ச் வைத்து, வயர்களைப் பற்றவைத்துச் சரிசெய்தான். ரயில் ஓடிற்று. குகைக்குள் நுழைந்தது. அவளுடைய அறையில் வட்டம் போட்டது.

திரும்பி வர மட்டும் நேரமாயிற்று.

மின்சாரம் குறைகிறதோ என்று வயரை மாற்றினான். சக்கரத்தில் தூசியோ என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். எஞ்சினைப் பிரித்து எண்ணெய் விட்டான். ஒவ்வொரு முறையும் ரயில் குகைக்குள் போய், முன்பைவிடச் சற்று அதிக நேரம் கழித்து வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கரைந்தன. கடையிலும் அதே நினைப்பு. ஒரு வாடிக்கையாளரின் லென்ஸை இடம் வலம் மாற்றிப் பொருத்தி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"இங்க ஒண்ணும் நிக்கலையேங்க" என்றாள் அவள், சுவருக்கு அந்தப்புறமிருந்து. "வந்தது, சுத்திச்சு, போயிடுச்சு."

"போயிடுச்சா? எப்போ?"

"அது போயி எவ்வளவு நேரமாச்சு! நான் ஒரு ஓரமே மடிச்சுத் தைச்சிட்டேன்."

அவன் குகைவாயிலைப் பார்த்தான். இருட்டு. சக்கரச் சத்தம்கூட இல்லை.

இந்தப்புறம் வரவில்லை. அந்தப்புறம் இல்லை. நடுவில் இருந்ததோ ஒரு செங்கல்.

கையை உள்ளே விட்டுத் துழாவினான். செங்கல் தட்டுப்பட்டது, தண்டவாளம் தட்டுப்பட்டது, பிறகு அவள் விரல்கள். மறுபக்கத்திலிருந்து அவளும் கையை விட்டிருந்தாள். அவன் சுண்டுவிரலைக் கிள்ளிவிட்டு, "டிக்கெட் எடுத்தாச்சா சார்?" என்று சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையை எடுத்த சிறிது நேரத்தில், ஒன்றுமே நடக்காததுபோல ரயில் வெளியே வந்தது.

அதன் கூரை முழுக்க ஈரம் முத்துமுத்தாகப் படிந்திருந்தது.

அந்த மாதக் கடைசியில்தான் சண்டை வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தைத்த வெள்ளைத் திரைச்சீலைகள் அவள் மேசையில் விரிந்து கிடந்தன. தாமதத்தை ஈடுகட்டுவதாக நினைத்து அவன் கண்ட்ரோலர் குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டினான். எஞ்சின் வட்டத்தில் சறுக்கி, பலகையிலிருந்து குப்புற விழுந்து, வெள்ளைத்துணியின் நடுவில் எண்ணெய் கக்கியது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இந்த வீட்ல எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு மேசை. அதுக்கு மேலேயும் உங்க தண்டவாளம். துணியைத் தைச்சுக் குடுத்துட்டு நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எப்போ திரும்பி வருவே?"

"உங்க ரயில் என்னைக்கு நேரத்துக்கு வருதோ, அன்னைக்கு."

அவனுக்கு மன்னிப்புக் கேட்க வராது. தப்பு செய்துவிட்டால் வீட்டில் எதையாவது பழுதுபார்ப்பான். சண்டைக்கு மறுநாள் குழாய் சொட்டாது, கதவு கிறீச்சிடாது. அவளும் அதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்வாள். இந்த முறை சமையலறைத் தாழ்ப்பாளை மாற்றினான், ஜன்னல் கொக்கியை மாற்றினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டில்மேல் அவளுடைய பயணப்பை நிறைந்துகொண்டே வந்தது.

எரிச்சலில் ரயிலை மறுபடி ஓட்டினான். அது குகைக்குள் போயிற்று. காத்திருந்தான். வரவில்லை. கூடுதலாகக் காத்திருந்தான். வரவில்லை.

"சனியனே! நீயும் போ!" என்று சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

அப்போதுதான் சக்கரச் சத்தம் கேட்டது. மெதுவாக, மிக மெதுவாக எஞ்சின் குகையிலிருந்து தலையை நீட்டியது. மலையைச் சுற்றியது. புல்வெளியைக் கடந்தது. அவன் எதிரே வந்து நின்றது.

பிளக் அவன் கையில் இருந்தது.

ஏதோ மின்சாரம் தேங்கியிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். நிஜமான கவலை வேறாக இருந்தது. துணி தைத்து முடியப்போகிறது. அவள் போய்விடுவாள். இந்தமுறை பழுதுபார்க்க வீட்டில் எதுவும் மீதியில்லை.

மறுநாள் காலை கிளம்பும் அவசரத்தில் பிளக்கை மறுபடி செருகி வண்டியை ஒருமுறை விட்டுப்பார்த்தான். அது குகைக்குள் போனதோடு சரி. கண்ட்ரோலரை அணைத்துவிட்டுக் கடைக்குப் போனான். வேலை ஓடவில்லை. மத்தியானமே அனுமதி கேட்டுக்கொண்டு திரும்பினான். வெளியே தூறல். வீடு அமைதியாக இருந்தது. மாடியேறியபோது அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே நாற்காலி லேசாக முனகியது. தட்டக் கை எழவில்லை. தன் அறைக்குள் போய், ப்ளைவுட்மேல் குனிந்து, குகைவாயிலருகே முகத்தை வைத்தான்.

முகம் தெரியாமல் பேசுவது எவ்வளவு சுலபம்!

"நான்தான். கோபம் போகலையா இன்னும்?"

அவன் கையை உள்ளே நீட்டினான்.

சற்று நேரத்தில் விரல்கள் வந்து அவன் விரல்களைப் பற்றிக்கொண்டன.

இத்தனை வருஷம் சொல்லாததையெல்லாம் அந்த இருட்டுக்குள் கொட்டினான். "தப்பு என்மேலதான். உன் மேசையை நான் பறிச்சிருக்கக்கூடாது. எனக்கு இந்த ரயில் வேண்டாம், நீதான் வேணும். போகாதே. நானும் உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன். இந்தக் கையை விடவே மாட்டேன், சரியா?"

விரல்கள் இறுகின. சில்லென்று இருந்தன. துணி நனைத்துக்கொண்டிருந்தாளோ என்று நினைத்தான்.

கீழே வாசல் கேட் திறந்தது.

படியில் செருப்புச் சத்தம். பிறகு, அவனுக்குப் பின்னால், அறைவாசலிலிருந்து அவள் குரல்.

"என்னங்க, சீக்கிரமே வந்துட்டீங்க? பாருங்க, சொட்டச் சொட்ட நனைஞ்சிட்டேன்."

அவன் தலையைத் திருப்பினான். அவள் காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு.

"நீ... நீ உள்ள இல்லையா?"

"கடைக்குப் போயிருந்தேன். ஏன் இப்படி வெளுத்துப்போய் நிக்கறீங்க? அதான் காலையிலேயே சமாதானமாயிட்டோமே."

"காலையிலேயா?"

"நீங்கதானே ஓட்டைவழியா கையை நீட்டுனீங்க? நானும் அதிகமா பேசிட்டேன், உங்களை விட்டு எங்கேயும் போகமாட்டேன்னு சொன்னேனே." அவள் குரல் தேய்ந்தது. "நீங்க பதிலே சொல்லலை. கையை மட்டும் பிடிச்சிட்டே இருந்தீங்க."

"காலையில நான் கடையில இருந்தேன்."

தூறல் ஜன்னலைத் தட்டியது.

"அப்போ இப்ப..." அவள் பார்வை அவன் தோளுக்கும் குகைக்கும் இடையில் நின்றது. "உங்க கை எங்கே?"

அவன் இழுத்தான். வரவில்லை.

அவள் பையைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள். கதவு திறக்கும் சத்தம். "இங்க யாருமே இல்லைங்க!"

"என் கை தெரியுதா?"

"இல்லை. இருட்டா இருக்கு. இருங்க, நான் பிடிச்சு இழுக்கறேன். நல்லா நீட்டுங்க."

"நீட்டித்தான் இருக்கேன். தோள்வரைக்கும் உள்ளதான் இருக்கு."

ஒரு செங்கல் கனச் சுவர்.

"பிடிச்சிட்டேன்!" என்றாள் அவள். "பயப்படாதீங்க. பிடிச்சிட்டேன்."

அவன் கையைப் பிடித்திருந்த விரல்கள் மாறவில்லை. அதே சில்லிப்பு. அதே பிடி.

"அது நானில்லை! விடு! கையை விட்டுடு!"

"விட முடியலையே! என்னை இழுக்குதுங்க!"

அவள் குரல் சுவரின் மறுபுறத்திலிருந்து கேட்கவில்லை. வெகுதூரத்தில், நீண்ட சுரங்கத்தின் அந்தக் கோடியிலிருந்து கேட்டது. அந்த ஈரத்துணி வாசம் அறையை நிறைத்தது. அவன் கன்னம் செங்கலில் அழுந்தியது.

எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் பார்த்துச் சலித்த ஒன்று அப்போது அவனுக்கு நினைவுக்கு வந்தது. எவ்வளவு தாமதமானாலும், ரயிலை அது ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. காலையில் போன வண்டி இன்னும் உள்ளேதான் இருந்தது. இடக்கையால் தட்டுத்தடுமாறிக் கண்ட்ரோலரை எட்டி, குமிழை முழுதாகத் திருப்பினான்.

சுவருக்குள், எங்கோ தொலைவில், சக்கரங்கள் உருண்டன.

சத்தம் நெருங்கிற்று. தண்டவாளம் அவன் முழங்கைக்கடியில் அதிர்ந்தது. ஒவ்வொரு விரலாக, மனமில்லாமல், அந்தக் கை விலகி வழிவிட்டது. அவன் பின்னால் மல்லாந்து விழுந்தான். அந்தப்புறம் அவள் மேசையோடு சரியும் சத்தம் கேட்டது. எஞ்சின் குகையிலிருந்து பாய்ந்து வந்து, அவன் கட்டிய மலையில் மோதிக் கவிழ்ந்தது.

அன்று மாலையே கிளம்பிவிட்டார்கள். மெஷினையும் துணிகளையும் மட்டும் ஒரு வண்டியில் ஏற்றினார்கள். ரயிலை அவன் தொடவில்லை. "இருக்கட்டும், அதுவே ஓட்டிக்கட்டும்" என்றாள் அவள். அந்த நிலையிலும் அவளால் கேலி பேச முடிந்தது அவனுக்குத் தெம்பாக இருந்தது.

வண்டி தெருமுனை திரும்பியது. பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இனி எதுவும் சுவர்வழியாக வேண்டாம் என்று தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னை மன்னிச்சிடும்மா."

அவள் கண் கலங்கியது. "இதைச் சொல்ல இவ்வளவு வருஷமா?" என்று கையை நீட்டினாள். அவன் பற்றினான். இருவரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் உங்க கை இவ்வளவு ஜில்லுனு இருக்கு?" என்றாள் அவள்.

அதையேதான் அவன் கேட்க வாயெடுத்தான்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவன் விரல்கள் மடங்கியிருந்தன. அவள் விரல்களும் மடங்கியிருந்தன. ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இன்னொரு கை அளவுக்கு இடைவெளி இருந்தது.

எவ்வளவு அழுத்தியும் அவர்களால் அதை மூட முடியவில்லை.