கதவுக்கு வெளியே ஒருவன்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் தனியாக இருந்தவள் எதேச்சையாக நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவன்! தட்டவில்லை, அசையவில்லை. முகத்தில் தண்ணீர் வழிய, கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தெருவில் ஈ காக்கை இல்லை. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது... அவன் அதே இடத்தில். பேயோ பிசாசோ, வந்தது வரட்டும் என்று கதவைத் திறந்தாள்.

"என்ன சார், சிலை மாதிரி நிக்கிறீங்க?"

"யாராவது திறப்பாங்கன்னு... நின்னுட்டேன்." உடைந்த மூக்குக்கண்ணாடியை நீட்டினான். "மேட்டு ஆஸ்பத்திரியில இருக்கேன். அங்க எந்தக் கதவையும் நாங்க தொடக் கூடாது. இன்னைக்குத்தான் முதல் தடவையா தனியா வெளிய விட்டாங்க."

மேட்டு ஆஸ்பத்திரி... மனநோயில் குற்றம் செய்தவர்களைக் கோர்ட் அனுப்பிவைக்கும் இடம்! அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆனால் அந்தக் கண்கள்... மழையில் கழுவிவிட்ட மாதிரி இருந்த கண்கள், அவளைக் கண்டதும் கூசித் தாழ்ந்தன.

"தரையைப் பார்த்தா நான் எப்படி அளவெடுக்கிறது? நேரா பாருங்க."

பார்த்தான். இப்போது கூச்சம் அவளுக்கு!

மூக்குக்கண்ணாடியில் திருகாணி கழன்றுவிட்டது என்று வாராவாரம் வந்தான். ஒவ்வொரு முறையும் வெளியே அதே அசையாத உருவம்... ஒவ்வொரு முறையும் அவள்தான் திறந்தாள்.

"திருகாணியை நீங்களே கழட்டிட்டு வர்றீங்களா?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து..."

விஷயம் அவள் அண்ணன் காதுக்கு எட்டியது. ஒருநாள் கடைக்கே வந்து அவனை மறித்துக்கொண்டார். "என்ன பண்ணிட்டு உள்ள போனே? என் தங்கச்சிகிட்ட சொன்னியா?"

அவன் முகம் வெளுத்தது. "காதுல குரல் கேட்டுச்சு... வீட்டுக்குத் தீ வெச்சேன். எங்கம்மா கை வெந்துபோச்சு."

அவள் பக்கம் திரும்பாமலே போய்விட்டான். அப்புறம் வரவில்லை. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை, பொய் சொல்வானேன்? ஆனாலும் கண் என்னவோ கதவிலேயே கிடந்தது.

மறுபடி ஒரு மழை நாள். நிமிர்ந்தாள்... வெளியே அவன்!

ஓடிப்போய்க் கதவருகே நின்றாள். திறக்கவில்லை.

"பூட்டு இல்ல," என்றாள் கண்ணாடி வழியே. "வரணும்னா நீங்கதான் திறக்கணும்."

அவன் கை எழுந்தது, இறங்கியது... மறுபடி எழுந்தது. கதவைத் திறந்தான்.

"அம்மா பார்க்க வந்தாங்க. வெந்த கையாலயே தலையைத் தடவினாங்க. அதுக்கப்புறம்தான் இங்க வர தைரியம் வந்துச்சு. மாத்திரை விடாம சாப்பிடுறேன்... எப்ப முழுசா அனுப்புவாங்கன்னு தெரியல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பயமா இருந்தா சொல்லிடுங்க, போயிடறேன்."

"பயமாத்தான் இருக்கு..." அவள் கண் நிறைந்துவிட்டது. "அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். போகாதீங்க."

அவன் அப்படியே நின்றான்.

"கதவைச் சாத்துங்க, சாரல் அடிக்குது."

அவனே சாத்தினான், உள்ளே நின்றுகொண்டு.