ஐந்தாவது உறை

அந்த ஆண்டின் கடைசிச் சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, மருந்துக்கடையின் பின்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். வாசலைப் பார்த்த நாற்காலியில் கணக்கு வாத்தியார். மதிப்பெண் நோட்டு அவர் மடியில், பையின் சாவி அவர் கழுத்துக் கயிற்றில். அவருக்கு இடப்பக்கம், இருமல் மருந்துப் பெட்டிகளில் முதுகைச் சாய்த்தபடி மருந்துக்கடைக்காரர். எதிரே முக்காலியில், பக்கத்துக் கடைத் தையல்காரர். தொலைக்காட்சி நிலையத்துக்கு உடுப்புத் தைப்பவர். விளக்குக்கு நேர் கீழே, நாளிதழ் ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் புரூஃப்காரர். கதவை ஒட்டிய ஸ்டூலில் தபாலக்கா. முகவரி புரியாத கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, உரியவரைக் கண்டுபிடித்து அனுப்புவது அவள் வேலை.

மேஜை நடுவில், பூட்டிய தோல் பை.

இவர்களுடைய பொழுதுபோக்கை வெளியே சொன்னால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். ஆண்டின் முதல் சனிக்கிழமை, அந்த வருடம் கண்ணை மூடப்போகிறார்கள் என்று தோன்றும் பிரபலங்கள் பத்துப் பேரை ஒவ்வொருவரும் எழுதுவார்கள். உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பையில் சேர்ப்பார்கள். நூறிலிருந்து இறந்தவரின் வயதைக் கழித்தால் மதிப்பெண். தொண்ணூறு வயது நடிகருக்குப் பத்து. நாற்பது வயதுப் பாடகருக்கு அறுபது. கடைசிச் சனிக்கிழமை பை திறக்கும். போனவர், தப்பியவர் எல்லாப் பெயரையும் புரூஃப்காரர் உரக்கப் படிப்பார். பரிசு ஒரு தகரக் கோப்பை. பதினோரு வருடமாக நடக்கிறது.

"அந்தப் பழைய மல்யுத்த வீரர் போனாரே, அவருக்கு வயசென்ன?" என்று கேட்டார் வாத்தியார்.

புரூஃப்காரர் ஆண்டு மலரைப் புரட்டினார். "எழுபத்தெட்டு."

"நகைச்சுவை நடிகர்?"

மறுபடி புரட்டல். "எண்பத்தொண்ணு. நீங்க எண்பதுன்னு எழுதியிருக்கீங்க, திருத்துங்க."

"கிழங்களை எழுதி என்ன பிரயோஜனம்," என்றார் மருந்துக்கடைக்காரர். "அடுத்த வருஷம் சின்ன வயசா ஒண்ணு பிடிக்கணும். நம்ம ஏழுமணிக்காரி மாதிரி."

ஏழு மணிச் செய்தி வாசிக்கும் பெண்மணியை ஊரே அப்படித்தான் சொல்லும்.

"அவளுக்கு நாப்பத்திமூணு. அம்பத்தேழு மார்க்," என்றார் வாத்தியார்.

"நாப்பத்திரண்டு. வர்ற மார்ச்லதான் நாப்பத்திமூணு," என்று திருத்தினார் புரூஃப்காரர்.

"மனுஷன் உடம்புல ஓடுறது ரத்தமா, திருத்தக் குறியா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. ஆண்டின் முதல் பாதியில் 'கோப்பையை இப்பவே துடைச்சு வைங்க, எனக்குத்தான்' என்று வாரத்துக்கு ஒரு தடவை சொன்ன மனிதர், இரண்டு மாதமாக வாயைத் திறப்பதில்லை.

"சீக்கிரம் ஆகட்டும், ஆறே முக்காலுக்கு இவர் மாத்திரை போட ஓடிடுவாரு," என்று புரூஃப்காரரைக் காட்டினார் மருந்துக்கடைக்காரர். "எந்தக் கடை மாத்திரைன்னுதான் தெரியல. என்கிட்ட ஒரு தடவைகூட வாங்கினதில்ல."

வாத்தியார் பூட்டைத் திறந்து உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான்கு. பையைக் கவிழ்த்துத் தட்டினார். எதுவும் விழவில்லை.

மணி நான்கு பத்து. காணாமல்போனது தையல்காரரின் உறை.

"பை யார் கடையில இருந்துச்சு?" வாத்தியார் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்.

"சாவி யார் கழுத்துல இருந்துச்சு?"

"ஜெயிக்கப்போறவன் கவரா பார்த்துக் காணாமப் போயிருக்கு. அஞ்சு வருஷமா கோப்பை வாங்காதவன் யாரு?"

மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "பதினோரு வருஷமா ரூமைத் திறந்து விட்டு, காப்பி போட்டுக் குடுத்ததுக்கு எனக்குத் திருட்டுப் பட்டமா? இன்னையோட மூடிக்கலாம். போங்க எல்லாரும்."

புரூஃப்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "மூடாதீங்கப்பா. வாரத்துல நான் மனுஷங்களோட பேசுறது இந்த ஒரு நாள்தான்." பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "அக்கா, கவர் விஷயம். நீங்க பாருங்க. யாருன்னு தெரியாம இனிமே நாம ஒரே மேஜையில உட்கார முடியாது."

தபாலக்கா பையை மடியில் வைத்துக்கொண்டாள். பூட்டில் கீறல் இல்லை. பழைய பை, மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் விட்டுப்போனது. ஓரத் தையல் மூன்று பக்கமும் நைந்து, நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அடிப்பக்கத்து ஓரத் தையல் மட்டும் பல் வரிசை போல் சீராக இருந்தது. அதைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினாள்.

நான்கு இருபது. கேள்விகளை ஆரம்பித்தாள். முதலில் மருந்துக்கடைக்காரர்.

"பை இந்த ரூமை விட்டு வெளிய போச்சா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"செவ்வாய்க்கிழமை பூச்சிமருந்து அடிச்சாங்க. சாமான் எல்லாத்தையும் பக்கத்துக் கடையில வச்சேன். சாயங்காலம் எடுத்துட்டேன். பூட்டு போட்டபடிதான் இருந்துச்சு."

அடுத்து வாத்தியார்.

"சாவியை யாராவது கேட்டாங்களா?"

"கேட்கல. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டேன்."

"வேற ஏதாவது கேட்டாங்களா? விதிமுறை பத்தி?"

வாத்தியார் யோசித்தார். "போன மாசம் நம்ம தையல்காரர்தான், எழுதின பேர்ல ஒண்ணை அடிக்க முடியுமான்னாரு. கவரை ஒட்டிட்டா ஒட்டினதுதான்னு சொன்னேன். ஜெயிக்கிற ஆளு எதுக்கு அடிக்கணும்னு சிரிச்சேன்."

தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பட்டியல்ல யாரெல்லாம் இருந்தாங்க?"

"மறந்துடுச்சு அக்கா."

"பத்துப் பேருமா?"

"போனது என் கவர்தானே. நானே புகார் சொல்லல. விட்டுடுங்களேன்."

ஏழு வருடம் முன்பு தைத்த சட்டையின் தோள் அளவை நடுத்தெருவில் நின்று சொல்லக்கூடிய ஆள் அவர்.

"உங்க கடைச் சாவியைக் குடுங்க," என்றாள்.

அவர் கொடுத்தார்.

நான்கு முப்பத்தைந்து. தையற்கடையில் இரண்டு இயந்திரங்கள், வெட்டு மேஜை, அதன்மேல் சாக்கட்டி. தோல் தைக்கும் குத்தூசி ஒன்றும், மெழுகு பூசிய கறுப்பு நூற்கண்டு ஒன்றும் இழுப்பறையில் இருந்தன. அவள் தேடியது கிடைத்துவிட்டது, திரும்பியிருக்கலாம். ஆனால் சுவரில் தொங்கிய கோட்டுகள் அவளைப் போகவிடவில்லை. ஐந்து கோட்டுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் தொலைக்காட்சி நிலையத்தின் சீட்டு: 'ஏழு மணி'.

ஒன்றைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். பக்கவாட்டில் தையல் ஒன்றல்ல. பிரித்த பழைய தையல்களின் ஊசித்துளைகள் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட உள்ளே தள்ளி. காலர் உயர்த்தப்பட்டிருந்தது. இடது காறை எலும்பு உரசும் இடத்தில், உள்துணிக்கு அடியில், கைக்குழந்தைச் சட்டைக்குப் போடுவது போன்ற மெத்தென்ற துணி.

அளவு நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். இடுப்பு முப்பத்துநான்கு. அப்புறம் முப்பத்திரண்டரை. முப்பத்தொன்று. கடைசி வரியில், போன வியாழக்கிழமைத் தேதியில், இருபத்தெட்டு.

அவள் வெட்டு மேஜை அருகே உட்கார்ந்துவிட்டாள். திருடனைக் கண்டுபிடிக்க வந்தவளுக்கு இப்போது வேறு கவலை. எந்த வரைக்கும் சொல்வது? எங்கே நிறுத்துவது? அவளுடைய வேலையிலும் தினம் ஒரு ரகசியம் கையில் விழும். படித்ததை மறப்பதுதான் அந்த வேலையில் பாதி.

ஐந்து மணி. பின்னறையில் யாரும் இடம் மாறியிருக்கவில்லை.

"எடுத்தது தையல்காரர்தான்," என்றாள்.

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "தன் கவரைத் தானே திருடுவானா யாராவது?"

"அதனாலதான் யாரும் அவரைப் பார்க்கல. பையோட மூணு ஓரம் நைஞ்சு கிடக்கு. அடி ஓரம் மட்டும் புதுசு. பூட்டைத் தொடவே இல்ல. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடியைப் பிரிச்சு, எடுத்துட்டு, திரும்பத் தைச்சிருக்காரு. சாதாரண திருடனா இருந்தா கோணலாத் தைச்சிருப்பான். இவருக்குக் கோணலாத் தைக்க வரல."

தையல்காரர் மறுக்கவில்லை. "கிழிச்சு வெட்டுத்துணியோட போட்டுட்டேன்," என்றார்.

"ஏன்யா?" மருந்துக்கடைக்காரரின் குரலில் கோபத்தைவிட ஆறுதல் அதிகம்.

"அதுல ஒரு பேரைச் சத்தமாப் படிக்கக் கூடாதுன்னு நினைச்சாரு," என்றாள் தபாலக்கா. "அவ்வளவுதான். திருட்டு இல்ல, போட்டியில ஒரு ஆள் விலகிட்டாரு. காப்பி போடுங்க."

அங்கே நின்றுவிடும் என்று அவள் நம்பினாள். ஆனால் வரியில் விடுபட்டதைத் தேடியே வாழ்ந்த ஒருவர் அந்த விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"சத்தமாப் படிக்கிறது நான்தானே," என்றார் புரூஃப்காரர்.



"நான் படிக்கக் கூடாத பேர்." அவர் தையல்காரரைப் பார்த்தார். "டிவி ஸ்டேஷனுக்குத் தைக்கிறது நீ."

தையல்காரர் கைகளை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டார்.

"எத்தனை அங்குலம்?"

"சார்..."

"எத்தனை அங்குலம் குறைஞ்சிருக்கா?"

"ஆறு."

புரூஃப்காரர் ஆண்டு மலரை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "தினமும் ஏழு மணிக்கு டிவி முன்னாடி போய் உட்கார்றேன். ஒரு நாள் விட்டதில்ல. எனக்குத் தெரியலையே."

"தெரியாத மாதிரி தைக்கச் சொன்னாங்க சார்."

"நல்லாத்தான் தைச்சிருக்கே."

வாத்தியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "யாரைப் பத்திப் பேசுறீங்க? எனக்கு ஒண்ணும் விளங்கல."

"நாம எல்லாருமே கேட்டோம், கவனிக்கல," என்றாள் தபாலக்கா மெதுவாக. "மல்யுத்த வீரர் வயசுக்குப் புத்தகம் பார்த்தாரு. நகைச்சுவை நடிகருக்கும் பார்த்தாரு. ஏழுமணிக்காரி வயசை மாசத்தோட சொன்னாரு, புத்தகத்தைத் தொடல. மகள் பிறந்த மாசத்துக்கு எந்த அப்பா புத்தகம் பார்ப்பாரு?"

மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்துப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். மாத்திரை என்று சொல்லி ஆறே முக்காலுக்கு ஓடியது எதற்கென்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"எனக்கும் தெரியாது சார்," என்றார் தையல்காரர். "ஜனவரியில எழுதும்போது ஒரு இடுப்பளவு குறையுது, இந்த ஆள் தாங்காதுன்னு மட்டும்தான் நினைச்சேன். அம்பத்தெட்டு மார்க்னு கணக்குப் போட்டேன். மனுஷியா நினைக்கல. ரெண்டு மாசம் முன்னாடி அளவெடுக்கும்போது அவங்களே கேட்டாங்க: சனிக்கிழமை பக்கத்துக் கடைக்கு ஒரு கண்ணாடிக்காரர் வருவாரே, இளைச்சிட்டாரா? யாரும்மான்னேன். எங்க அப்பான்னாங்க. உடம்பு விஷயம் அவருக்குத் தெரியவே கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினாங்க. அதுக்கப்புறம் அந்தக் கவர் உள்ள கிடக்குறப்ப எனக்குத் தூக்கமே இல்ல."

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"ரெண்டு தடவை."

 புரூஃப்காரர் அச்சுக்கு அனுப்பும் செய்தியைப் படிப்பவர் போலப் பேசினார்.

"பத்திரிகையில பெரிய மனுஷங்களுக்கு மரணச் செய்தியை முன்னாடியே எழுதி வைப்போம். தேதிக்கு மட்டும் இடம் விட்டு. அது பழக்கமாயிடுச்சு. என் சம்சாரம் ஆஸ்பத்திரியில இருந்தப்போ எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியல. அவளுக்கும் ஒண்ணு எழுதி, சட்டைப் பையில வச்சிருந்தேன். மக எடுத்துப் பார்த்துட்டா. அம்மா மூச்சு விட்டுக்கிட்டிருக்கும்போதே எழுதிட்டீங்களான்னு கேட்டா. எட்டு வருஷம் ஆச்சு. அப்புறமும் நான் திருந்தலையே. இங்க வந்து உட்கார்ந்து வருஷா வருஷம் பத்துப் பேர் எழுதினேன்."

வாத்தியார் மதிப்பெண் நோட்டை மடியிலிருந்து எடுத்து நாற்காலிக்குக் கீழே தள்ளினார்.

"எவ்வளவு நாள்னு ஏதாவது..." என்று ஆரம்பித்த மருந்துக்கடைக்காரர், கேள்வி யார் காதில் விழுகிறது என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டார். அந்த அறையில் பதினோரு வருடமாகக் காப்பியோடு கேட்கப்பட்ட கேள்வி அது.

"அடுத்த மாசத்துக்கு ரெண்டு கோட்டு கேட்டிருக்காங்க," என்றார் தையல்காரர். "ஒண்ணு பச்சை."

ஐந்து இருபது. மருந்துக்கடைக்காரர் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

"போன் பண்ணுங்களேன்," என்றார் வாத்தியார்.

"குரலைக் கேட்டதும் வச்சிடுவா. நேர்ல போய் நின்னா, வேற வழியில்லாம கதவைத் திறப்பா. லெட்டர்னா படிக்கிறதும் கிழிக்கிறதும் அவ இஷ்டம்."

எழுதினார். அடித்தலும் இல்லை, செருகலும் இல்லை. முடித்துவிட்டுத் தாளைத் தபாலக்காவிடம் நீட்டினார்.

'அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது நான் எழுதியது தவறு. அதை எட்டு வருடம் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. தினமும் உன் செய்தியைக் கேட்கிறேன். நீ வரச் சொன்னால், உன்னோடு பேசவும் வருகிறேன். அப்பா.'

நோயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தையல்காரர் கேட்காமலே அவருடைய சத்தியத்தைப் புரூஃப்காரர் காப்பாற்றியிருந்தார். தபாலக்கா தாளை மடித்து உறையில் இட்டாள். பெறுநர் முகவரியை அவர் கதவு எண் முதல் மனப்பாடமாக எழுதினார். இடது மூலைக்கு வந்ததும் பேனா நின்றது.

"அனுப்புநர் முகவரி போடணுமா அக்கா? கையெழுத்தைப் பார்த்தே வேண்டாம்னுட்டா, எனக்கே திரும்பி வந்துடும்."

"முகவரி போடாம வேண்டாம்னு வர்ற லெட்டர் என் மேஜைக்குத்தான் வரும்," என்றாள் அவள். "வந்தா நான் மறுபடி அனுப்புவேன். ஆனா அவங்க பதில் எழுத நினைச்சா எங்க எழுதுவாங்க? போடுங்க."

அவர் போட்டார்.

ஐந்து நாற்பது. தெருமுனைத் தபால்பெட்டிக்கு ஐந்து பேருமே நடந்தார்கள். அன்றைய கடைசித் தபாலை எடுக்க வந்தவர் சாக்கின் வாயை விரித்து நின்றார். புரூஃப்காரர் உறையின் ஓரத்தை நாக்கில் தடவி ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினார். பிறகு சாக்குக்குள் விட்டார். சாக்குக்காரர் வாயைக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.