காலித் துப்பாக்கி

காலை ஒன்பது மணி. கட்டில் விரிப்பில் ரத்தம். தரையில் ஒரு கைத்துப்பாக்கி. பக்கத்தில் ஒரு சிவப்பு வண்ணப் பென்சில். ஆறு வயது மகளைத் தாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாள். குண்டு முழங்காலுக்குக் கீழே பாய்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா நுழைந்தபோது குழந்தையின் அப்பன் தன் மைத்துனனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான். நகைக்கடையில் ஆயுதக் காவலாளி அந்த அப்பன்.

"இந்தத் தண்டச்சோறுதான் மேடம்! எம் பொண்டாட்டியோட தம்பி. தோட்டாவைத் திருடிப் போட்டு வெளையாடியிருக்கான்!"

"சட்டையை விடுங்க. தம்பி, நீ எங்க இருந்தே?"

"அடுப்படில, மேடம். பாப்பாவுக்குப் பால் காய்ச்சிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடியாந்தேன்."

இன்ஸ்பெக்டரம்மா அடுப்படியை எட்டிப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகியிருந்தது. திரும்பி வந்தாள்.

"துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

"கட்டிலோரம், அந்த டிராயர்ல," என்றான் அப்பன்.

திறந்தாள். உள்ளே இன்னும் நாலைந்து வண்ணப் பென்சில்கள். பூட்டே இல்லை.

"காலித் துப்பாக்கிக்கு எதுக்கு மேடம் பூட்டு? மேகசினைக் கழட்டி பீரோல பூட்டிட்டேன். சாவி எப்பவும் என் இடுப்புலதான்."

பீரோவைத் திறக்கச் சொன்னாள். எட்டுத் தோட்டா பிடிக்கும் மேகசினில் ஏழுதான்.

"பாத்தீங்களா! ஒண்ணு கொறையுது!"

"பூட்டு உடையல. சாவி உங்க இடுப்புல. மந்திரம் போட்டா எடுத்தான்? சரி, நேத்து என்ன வேலை?"

"நகைப் பெட்டியோட வேன்ல போனேன். பைக்ல ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வந்தான். சுடுறதுக்குத் தோதா துப்பாக்கியோட மேல்பாகத்தைப் பின்னால இழுத்துத் தயாரா வெச்சுக்கிட்டேன்."

"வேலை முடிஞ்சதும் கடையில மணல் வாளிக்கு நேரா துப்பாக்கியைப் பிடிச்சுக் காலி பண்ணிக் காட்டணுமே, காட்டினீங்களா?"

"நேரமாயிடுச்சு. நேரா வீட்டுக்கு..."

"இழுத்தப்பவே ஒரு தோட்டா குழாய்க்குள்ள ஏறிடுச்சு. அப்புறம் மேகசினைக் கழட்டினாலும் அது அங்கயேதான் உக்காந்திருக்கும். உங்க எட்டாவது தோட்டாவை யாரும் திருடல. நீங்களே கொண்டாந்து, புள்ளை பென்சில் வைக்கிற டிராயர்ல வெச்சீங்க!"

"காலின்னு நெனச்சேன் மேடம்..."

"நெனச்சீங்க. பாக்கல. காலியோ இல்லையோ, அதைப் பூட்டி வைக்கத் தோணல. பழி போட மட்டும் மச்சினன் ஞாபகத்துக்கு வந்துட்டான்!"

"அவ அதைத் தொடவே மாட்டா மேடம். எம் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மைத்துனனின் போன் அலறியது. அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பொழைச்சுட்டாடா. கண்ணு முழிச்சுட்டா. என்ன கேக்குறா தெரியுமா? 'அப்பா என் கையில குடுத்து அமுக்கச் சொல்லும்போதெல்லாம் டிக்குனுதானே சொல்லும், இன்னிக்கு ஏம்மா அப்படிக் கத்துச்சு'ங்கறா. அந்த மனுசன்கிட்ட போனைக் குடு. அவரே பதில் சொல்லட்டும்!"

மைத்துனன் போனை நீட்டினான். அப்பன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"வாங்குங்க," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "புள்ளைக்குப் பதில் சொல்லிட்டு வந்து ஜீப்ல ஏறுங்க."